தரிசு என்றொரு சொல்

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை. செம்பாக்கத்தில் நம் பங்கைச் சேர்ந்த அன்பியம் ஒன்றின் கூட்டம். செபமாலை முடிந்தது, இறைவார்த்தை வாசித்துப் பகிர்ந்துகொண்டோம், காப்பி வரும் நேரம். இராமநாதபுரம் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்து முப்பது ஆண்டுகளாக இங்கே குடியிருக்கும் அன்பர் ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார். ஊரில் அவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொதுவாக நாலரை ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. சூரிய மின்நிலையம் அமைக்கப்போகிறவர்களுக்காகத் தரகர் ஒருவர் அதை விலைக்குக் கேட்டு வருகிறார். அண்ணன் மறுக்கிறார். தம்பிக்கோ மகளின் செவிலியர் படிப்புக்குப் பணம் தேவை. "கையெழுத்துப் போட்டால் பாவமாகுமா, சாமி?" என்பதே கேள்வி.

நாம் வாய் திறப்பதற்கு முன் இன்னோர் அன்பர் விடை சொல்லிவிட்டார். வங்கிப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர், விவரம் அறிந்தவர், பங்குக்காக உழைப்பவர். "இதில் பாவம் எங்கே வந்தது? அது வெறும் தரிசு. கருவேல முள் மண்டிக் கிடக்கிற இடம். மின்சாரமும் வேண்டும், புகையும் கூடாது என்றால் வேறு என்ன வழி? இயற்கையைக் காக்கும்படி திருத்தந்தையே எழுதியிருக்கிறாரே!" என்றார் அவர். பலரும் தலையசைத்தார்கள். நாம் பொதுப்படையாக ஏதோ சொல்லி ஆசி வழங்கிவிட்டு வந்தோம். பங்கு இல்லத்துக்கு வந்து படுத்தபின் உறக்கம் வரவில்லை. கேள்வி கேட்டவருக்கு நாம் விடை தரவில்லை. விடை தந்தவருக்கு மறுமொழி கூறவும் இல்லை. இவ்விரு கடன்களையும் தீர்க்கவே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். கதிரவனின் ஒளியிலிருந்து மின்சாரம் எடுப்பதை நாம் எதிர்க்கவில்லை. எதிர்ப்பவர் எவரேனும் இருந்தால் ஒருமுறை எண்ணூருக்குப் போய் வரட்டும். அனல்மின் நிலையங்களின் சாம்பல் கொசத்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்து மீனவரின் வாழ்வை எவ்வாறு மூடியிருக்கிறது என்று பார்க்கட்டும். பிறகு நெய்வேலிப் பக்கம் போகட்டும். 2023 ஜூலையில், பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்குரிய கால்வாய்ப் பணிக்காக, வளையமாதேவியில் பச்சை நெற்பயிருக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. கட்சி வேறுபாடின்றிப் பலரும் கலங்கினர். நாமும் கலங்கினோம். நிலக்கரியின் காலம் முடிய வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால் நாம் நம்மையே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நெற்பயிருக்குள் இயந்திரம் இறங்கியபோது பதைத்த நெஞ்சு, கருவேலம் முளைத்த மானாவாரி நிலம் என்றதும் ஏன் பதைப்பதில்லை? பச்சையாக இருந்தால்தான் அது நிலமா? நம் பதைப்பைத் தடுத்து நிறுத்தியது ஒரு சொல். 'தரிசு' என்னும் அந்தச் சொல்லோடுதான் நமக்கு வழக்கு.

கமுதியின் கணக்கு

2016 செப்டம்பரில் இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் அதானி குழுமத்தின் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் தொடங்கி வைக்கப்பட்டது. ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின்நிலையங்களுள் அன்றைக்கு உலகிலேயே பெரியது என அது போற்றப்பட்டது. ஏறத்தாழ 2,500 ஏக்கர் நிலம்; 25 இலட்சம் ஒளித்தகடுகள்; 4,550 கோடி ரூபாய் முதலீடு; 8,500 தொழிலாளரின் உழைப்பு; எட்டே மாதங்களில் கட்டுமானம். இந்த எண்களை நாம் மறுக்கவில்லை. பொறியியல் நோக்கில் அது பெருஞ்சாதனை என்பதையும் மறுக்கவில்லை. தகடுகளில் படியும் புழுதியைத் துடைப்பதற்குக்கூடத் தானியங்கிப் பொறிகளை அமைத்தார்கள் என்றால் பாருங்கள்.

இந்தக் கணக்கில் சேராத எண்களைப் பற்றியே நாம் பேச விரும்புகிறோம். 2,500 ஏக்கர் என்பது நம் அன்பரின் நாலரை ஏக்கரைப் போன்ற 550-க்கும் மேற்பட்ட துண்டுகள். இத்தகைய பரப்பு ஒன்று வேலிக்குள் போகும்போது, அதற்கு முன் அங்கே எத்தனை ஆடுகள் மேய்ந்தன, எத்தனை பெண்கள் விறகு பொறுக்கினார்கள், எத்தனை கூலியாட்கள் மிளகாய் பறித்து அன்றன்றைய அரிசியை வாங்கினார்கள், எத்தனை வரத்துக்கால்கள் அதன் வழியே கண்மாய்க்கு ஓடின என்று எண்ணுபவர் யார்? மெகாவாட்டை எண்ணுவதற்கு மானி இருக்கிறது. இவற்றை எண்ணுவதற்கு மானி இல்லை. மானி இல்லாததை 'ஒன்றுமில்லை' என்று எழுதிவிடுவதே நம் காலத்தின் வழக்கமாகிவிட்டது.

அந்தச் சீமையை அறிந்தோர் அறிவர். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புழுதியிலேயே நெல் விதைக்கும் நாடு அது. மழை பெய்தால் பயிர். பொய்த்தால் வைக்கோல்கூட இல்லை. கமுதி, முதுகுளத்தூர் வட்டாரங்களின் கரிசலில் விளையும் குண்டு மிளகாயை உலகம் இன்று 'இராமநாதபுரம் முண்டு மிளகாய்' என்று அறியும். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. பயிர் வைக்காத ஆண்டிலும் அந்த நிலம் சும்மா இருப்பதில்லை. ஆடு மேய்கிறது. அறுவடை முடிந்த தஞ்சை வயல்களுக்குக் கிடை போடக் கிளம்பும் கீதாரிகள், திரும்பி வந்து தங்கள் மந்தையை நிறுத்துவது இத்தகைய வெளிகளில்தான். சீமைக் கருவேலம் நம் மண்ணின் மரமன்று. நிலத்துக்கு அது செய்யும் கேட்டை நாம் அறிவோம். ஆயினும் அந்த முள்ளையே வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் அங்கே ஆயிரமாயிரம். தரிசு என்று ஏட்டில் எழுதப்பட்ட நிலம், ஏழையின் வீட்டில் அடுப்பெரித்துக்கொண்டிருந்தது.

நம்மில் பலர் ஆண்டுதோறும் ஓரியூருக்குத் திருப்பயணம் போகிறோம். 1693 பெப்ரவரி 4 அன்று புனித அருளானந்தர் தலை வெட்டப்பட்டு இரத்தம் சிந்திய இடம். அந்தச் செம்மண்ணைப் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்து, வீட்டுப் பீடத்தில் வைத்து, நோயுற்றவரின் நெற்றியில் இடுகிறோம். அந்த மண் எந்த மாவட்டத்து மண்? நாம் வெறும் பொட்டல் என்று கைவீசி ஒதுக்குகிறோமே, அதே இராமநாதபுரத்து மண். ஒரு பிடி மண்ணைப் புனிதம் என்று நெற்றியில் இட்டுக்கொண்டு, சுற்றியுள்ள மண்ணையும் அதில் காலூன்றி நிற்கும் மக்களையும் ஒன்றுமில்லை என்று சொல்ல நமக்கு நா எழுவது எப்படி?

நம் வாசலிலேயே நடந்தது

'தரிசு' என்ற சொல் என்ன செய்யும் என்பதை அறிய நாம் இராமநாதபுரம் வரை போக வேண்டியதில்லை. செம்பாக்கத்து ஏரிக்கரையில் நின்றால் போதும். இந்த ஏரியின் நீர் ஒரு காலத்தில் வயலுக்குப் பாய்ந்தது. வயல்கள் மனைப் பிரிவுகளாயின; மனைகள் வீடுகளாயின; அந்த வீடுகளில்தான் நாம் குடியிருக்கிறோம். இன்று ஏரி இருக்கிறது. அதன் ஆயக்கட்டு இல்லை. கழிவுநீர் கலந்து கிடந்த ஏரியை மீட்பதற்கு அண்மை ஆண்டுகளில் பலர் பாடுபட வேண்டியிருந்தது.

இங்கிருந்து வழியும் நீர் இறுதியில் சேரும் இடம் பள்ளிக்கரணைக் கழுவெளி. வெள்ளத்தைத் தன்னுள் வாங்கி, மெல்ல மெல்லக் கடலுக்கு அனுப்பும் இயற்கையின் ஏற்பாடு அது. அரசின் ஏடுகளில் நெடுங்காலம் அதற்கு வழங்கிய பெயர் என்ன தெரியுமா? தரிசு. பயனற்ற நிலம். அந்தப் பெயர் இருந்ததால்தான் குப்பை கொட்டத் துணிந்தோம். சாலை போடத் துணிந்தோம். கட்டடம் எழுப்பத் துணிந்தோம். 2015 டிசம்பரில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் வீட்டு மாடி வரை நீர் ஏறியபோது, நாம் படகில் உணவுப் பொட்டலம் கொண்டுபோனோம். நீர்வழிகளையும் தாழ்நிலங்களையும் 'சும்மா கிடக்கும் இடம்' என்று எண்ணியதன் விலையை அன்று கண்ணால் கண்டோம். 2022-இல் அதே கழுவெளி பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. நிலம் மாறவில்லை, அதைப் பார்த்த கண்தான் மாறியது. அதற்குள் கழுவெளியின் பெரும்பகுதி போய்விட்டது.

ஆகையால், 'அது வெறும் தரிசுதானே' என்று தாம்பரம் வட்டாரத்தில் வாழும் நாம் சொல்லலாகாது. உலகில் வேறு எவர் சொன்னாலும் நாம் சொல்லலாகாது.

விலை பேசிய அரசன்

"சாமி, நியாயமான விலை கொடுத்துத்தானே வாங்குகிறார்கள்? பறித்துக்கொள்ளவில்லையே?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. இதற்கு விவிலியம் தரும் விடை நம்மில் பலர் எண்ணுவதைவிடக் கூர்மையானது.

அரசர்கள் முதல் நூலின் 21-ஆம் அதிகாரத்தில் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைப் பற்றி வாசிக்கிறோம். ஆகாபு அரசனைக் கொள்ளைக்காரன் என்றே நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அவன் தொடக்கத்தில் கேட்டது என்ன? தோட்டத்தைக் கொடுத்தால் அதைவிட நல்ல தோட்டம் தருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றால் அதன் விலையைப் பணமாகத் தருவதாகவும் சொன்னான். இன்றைய தரகர் எவரும் இத்தனை தாராளமாகப் பேசியதாக நாம் கேள்விப்படவில்லை. நாபோத்து மறுத்தார். முன்னோரின் உரிமைச் சொத்தை விற்பது இறைவனுக்கு அடுக்காது என்பது அவருடைய எண்ணம். ஏனெனில் லேவியர் நூலின்படி நிலத்தின் உரிமையாளர் ஆண்டவர். மனிதர் அதில் விருந்தினர். ஆகாபின் பாவம் குறைந்த விலையில் தொடங்கவில்லை. 'மாட்டேன்' என்ற சொல்லைத் தாங்க முடியாமல் அவன் படுக்கையில் முகம் திருப்பிப் படுத்தானே, அங்கேதான் தொடங்கியது. அதற்குப் பிறகே ஈசபேலின் முத்திரையிட்ட கடிதங்களும் பொய்ச் சாட்சிகளும் கல்லெறியும் வந்தன.

எனவே, ஒரு நில விற்பனை நீதியானதா என்று அறிய விலையை மட்டும் பார்த்தால் போதாது. விற்பவரால் 'மாட்டேன்' என்று சொல்ல முடிந்ததா என்று பார்க்க வேண்டும். 2016-ஐ எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டு தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என அரசே அறிவித்தது. கண்மாய் தூர்ந்து, கடன் ஏறி, மகன் திருப்பூருக்குப் போய்விட்ட ஒரு மானாவாரி உழவரிடம் அத்தகைய ஆண்டில் ஒருவர் ரொக்கத்தோடு வந்து நின்றால், அவருடைய 'சரி' எந்த அளவுக்குச் சரி? சுற்றியுள்ள நிலங்களெல்லாம் கைமாறி, தன் துண்டுக்குப் போகும் வண்டிப்பாதையே வேலிக்குள் போய்விட்டால், கடைசியாக நிற்பவரின் 'மாட்டேன்' எத்தனை நாள் நிற்கும்?

சட்டம் இதை முற்றிலும் அறியாமல் இல்லை. 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம், தனியார் நிறுவனத்துக்காக அரசு நிலம் எடுக்க வேண்டுமாயின் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினர் ஒப்ப வேண்டும் என்கிறது. சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கேட்கிறது. பட்டா இல்லாவிட்டாலும், மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த கூலியாளையும் குத்தகையாளரையும் பாதிக்கப்பட்டோர் என்றே கருதுகிறது. ஆனால் தரகர் வழியாகத் துண்டு துண்டாகக் கிரயம் முடிக்கும்போது இந்தக் காப்புகள் பொதுவாக வேலைக்கு வருவதில்லை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வரம்புக்குள்ளும் சூரிய ஒளித்தகடு மின்நிலையங்கள் வருவதில்லை. புகை இல்லை என்பதால் கேள்வியும் இல்லை என்று முடிவுகட்டிவிட்டார்கள். விற்றவருக்குப் பணமாவது வந்தது. விற்பதற்கு எதுவும் இல்லாத கூலிப்பெண்ணுக்கும் ஆட்டுக்காரருக்கும் வந்தது என்ன?

திருத்தந்தையின் பெயரால்

நம் வங்கி அன்பர் திருத்தந்தையைச் சான்றுக்கு அழைத்தார். நாமும் அவரையே அழைக்கிறோம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' திருமடல் நிலக்கரியையும் எண்ணெயையும் விட்டு விலகச் சொல்கிறது, உண்மை. அதே திருமடல், ஒரு திட்டம் முடிவான பிறகு அதன் விளைவுகளை ஆராய்வது தவறு என்றும், தொடக்கத்திலேயே ஆராய வேண்டும் என்றும், அந்தப் பேச்சில் உள்ளூர் மக்களுக்குத் தனி இடம் வேண்டும் என்றும் கற்பிக்கிறது. பூமியின் அழுகையையும் ஏழையின் அழுகையையும் பிரித்துக் கேட்க அது நம்மை அனுமதிக்கவில்லை. பாதி மடலை வாசித்துவிட்டு மீதியை மடித்து வைப்பது முறையாகாது.

வத்திக்கான் தானே செய்து காட்டியதையும் பாருங்கள். 2008-இல், திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் காலத்தில், ஆறாம் பவுல் அரங்கத்தின் கூரைமீது ஏறத்தாழ 2,400 ஒளித்தகடுகளைப் பொருத்தினார்கள். முதலில் தன் கூரை! யாருடைய வயலும் அதற்குத் தேவைப்படவில்லை. பின்னர் 2024 ஜூன் 21 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் 'சகோதரன் கதிரவன்' எனும் பெயரில் ஆணைமடல் ஒன்றை வெளியிட்டார். அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் படைப்புகளின் பாடலை நினைவூட்டும் பெயர் அது. உரோமைக்கு வெளியே, வத்திக்கான் வானொலியின் ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கும் சாந்தா மரிய தி கலேரியாவில், வத்திக்கான் நகருக்கு வேண்டிய மின்சாரத்தைத் தரும் சூரிய நிலையத்தை அமைக்க அதில் பணித்தார். அந்த நிலம் திருப்பீடத்தினுடையது. அதிலும், உழவும் ஒளித்தகடும் ஒரே நிலத்தில் சேர்ந்து வாழும் முறையையே தேர்ந்தார்கள். தகடுகளை உயர்த்தி, இடைவெளி விட்டு அமைத்தால், கீழே பயிரும் வளரலாம், ஆடும் மேயலாம். இது நம் நாட்டிலும் ஆங்காங்கே முயன்று பார்க்கப்படும் முறைதான்.

விற்காமலே நிலத்தைத் தரும் வழியும் உண்டு. கருநாடகத்தில் தும்கூரு மாவட்டத்துப் பாவகடாவில் ஏறத்தாழ 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா அமைந்திருக்கிறது. அங்கும் வறண்ட பூமிதான். ஆனால் உழவர்கள் நிலத்தை விற்கவில்லை; 28 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். தொடக்கத்தில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஐந்து விழுக்காடு உயர்வு. மழை பொய்த்தாலும் குத்தகைப் பணம் பொய்க்காது. பட்டா பேரன் பெயருக்கு வரும். இதுவும் முழு நீதி என்று நாம் சொல்ல மாட்டோம். நிலமுள்ளவருக்குக் குத்தகை கிடைத்தது; நிலமற்ற கூலியாட்களுக்கு இருந்த வயல்வேலையும் போயிற்று. குசராத்தின் சரங்காவில் 2012-இல் திறக்கப்பட்ட சூரியப் பூங்காவால் மேய்ச்சல் வெளியை இழந்த கால்நடை வளர்ப்போரின் கதையும் அத்தகையதே. ஆனாலும் விற்பனை ஒன்றே வழி என்று சொல்வோருக்குப் பாவகடா விடையாகும்.

நம் மாடிகள்

இப்போது குற்றச்சாட்டின் விரலை நம் பக்கம் திருப்புவோம். இந்த மின்சாரம் யாருக்காக? கமுதிப் பக்கத்து உழவரின் வீட்டில் எரிவது இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும். குளிரூட்டி நம் வீட்டில் இருக்கிறது. மின்தூக்கி நம் அடுக்ககத்தில் இருக்கிறது. திருவிழா இரவில் கோபுரம் முழுதும் கண்சிமிட்டும் தொடர்விளக்கு நம் கோவிலில் இருக்கிறது. நம் தேவைக்கு அவருடைய நிலம் போகிறது. அப்படியிருக்க, நம் தலைக்கு மேல் இருக்கும் இடத்தை நாம் என்ன செய்திருக்கிறோம்?

தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குப் போகும் சாலையில், ஏதேனும் ஓர் உயர்ந்த கட்டடத்தின் மேல்தளத்தில் நின்று சுற்றிலும் பாருங்கள். கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை மொட்டை மாடிகள். தண்ணீர்த் தொட்டி, துணி காயும் கொடி, உடைந்த நாற்காலி. காலை முதல் மாலை வரை இறைவன் பொழியும் ஒளி அத்தனையும் அங்கே வீணே விழுகிறது. உண்மையான தரிசு எது என்று கேட்டால், நாம் இதைத்தான் காட்டுவோம்.

கணக்குப் போடுவோம். மூன்று கிலோவாட் அமைப்புக்கு ஏறத்தாழ 300 சதுர அடி மாடி போதும். 2024-இல் தொடங்கிய ஒன்றிய அரசின் சூரிய வீட்டுத் திட்டம் அதற்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. கமுதியின் 648 மெகாவாட்டை இப்படி மூன்று மூன்று கிலோவாட்டாகப் பிரித்தால் 2,16,000 மாடிகள் வேண்டும். சென்னையும் அதன் புறநகர்களும் சேர்ந்து இத்தனை மாடிகளைத் தர இயலாதா? 2019-இல் வெளியான தமிழக அரசின் சூரிய ஆற்றல் கொள்கையே 9,000 மெகாவாட் இலக்கில் 40 விழுக்காட்டை நுகர்வோரின் இடங்களிலேயே அமைக்க எண்ணியது. வழி ஏட்டில் இருக்கிறது. நாம்தான் மாடிப்படி ஏறவில்லை.

மாடிகள் மட்டும் தொழிற்சாலைகளையும் இரயில்களையும் ஓட்டிவிடும் என்று நாம் சொல்லவில்லை. அடுக்ககங்களில் ஒரே மாடியைப் பலர் பங்கிட வேண்டிய சிக்கல் உண்டு. சிறிய அமைப்புக்கு ஆகும் செலவு பெரியதைவிடக் கூடுதல் என்பதும் உண்மை. பெரிய சூரிய நிலையங்களும் வேண்டியிருக்கும். அவை வரட்டும். ஆனால் நம் கூரைகளும், நம் பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகளின் கூரைகளும் நிறைந்த பிறகு வரட்டும். வரும்போது, கிரயமாக அன்றிக் குத்தகையாக வரட்டும். கிராம சபையில் உட்கார்ந்து பேசி வரட்டும்; அந்தச் சபையில் நிலமற்றவரும் ஆட்டுக்காரரும் பேசட்டும். வரத்துக்காலை மறிக்காமலும், மேய்ச்சல் பாதையை அடைக்காமலும், கண்மாய் நீரையும் குடிநீரையும் தகடு கழுவக் கேட்காமலும் வரட்டும். 'மாட்டேன்' என்பவரின் துண்டைச் சுற்றிக்கொண்டு போகும் பொறுமையோடு வரட்டும். இத்தனை நிபந்தனைகளா என்று மலைப்பவருக்கு நாம் சொல்வது: ஆகாபின் அரண்மனையில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை, அதனால்தான் இறைவன் எலியாவை அனுப்ப வேண்டியிருந்தது.

இனி, கேள்வி கேட்ட அன்பருக்குத் தர வேண்டிய கடன். அடுத்த வாரமே அவர் வீட்டுக்குப் போனோம். மகளின் படிப்புக்காக நிலத்தை விற்பது பாவம் என்று சொல்ல நமக்கு வாயில்லை. அப்படிச் சொல்பவர் அந்தப் பெண்ணின் கட்டணத்தைக் கட்டத் தயாராக இருக்க வேண்டும். ஆகவே இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டோம். "அண்ணனின் 'மாட்டேன்' உங்கள் காதில் விழுந்ததா? விற்காமல் குத்தகைக்கு விடுவீர்களா என்று தரகர் ஒருமுறையாவது கேட்டாரா?" இரண்டாவது கேள்விக்கு அவர் இல்லையென்று தலையாட்டினார். முதல் கேள்விக்கு நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எங்கள் அப்பா அந்தப் புஞ்சையில்தான் விழுந்து இறந்தார், சாமி. அண்ணன் அதைத்தான் சொல்கிறார்" என்றார். மகளின் முதலாண்டுக் கட்டணத்துக்கு உதவ அன்பியத்தார் சிலர் முன்வந்திருக்கிறார்கள். அவர்களுள் முதல்வர் நம் வங்கி அன்பர்தான் என்பதை நன்றியோடு குறிக்கிறோம். பத்திரம் இன்னும் எழுதப்படவில்லை. எழுதுவதும் விடுவதும் அந்த இரு சகோதரர்களின் உரிமை.

நம் பங்கு இல்லத்தின் மாடியில் இந்த வரியை எழுதும் நாள் வரை ஓர் ஒளித்தகடுகூட இல்லை. இத்தனை பேசியவர்களின் மாடி அப்படி இருக்கலாகாது. அடுத்த பங்குப்பேரவைக் கூட்டத்தின் முதல் பொருளாக இதையே வைத்திருக்கிறோம். நல்லோர்மீதும் தீயோர்மீதும் தம் கதிரவனை உதிக்கச் செய்யும் தந்தை, அதை நம் மொட்டை மாடிமீதும் நாள்தோறும் உதிக்கச் செய்கிறார். அந்தக் கொடையைக் கையேந்தி வாங்கிய பிறகு, பிறருடைய நிலத்தைப் பற்றிப் பேசுவோம்.